வைகைத் தரைப்பாலமும் டிரைப்பின் நிழற்படமும்

1. முன்னுரை

ஒரு நாட்டின் வரலாற்றை அறிதற்குக் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம், அயலார் குறிப்பு ஆகியவற்றைச் சான்றாகக் கொள்ளுதல் ஆராய்ச்சியாளர் மரபு. இவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எல்லை உடையது. கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தின் நான்கெல்லையையும் கல்வெட்டு ஐயமறக் கூறும். அந்நிலத்தை உழுதவன் எவ்வழியே ஆற்றைக் கடந்து சந்தைக்குச் சென்றான் என்பதை அது பெரும்பாலும் கூறுவதில்லை. மன்னர் எடுத்த பணிகளுக்குக் கல்லில் இடம் கிடைத்தது. மக்கள் நாள்தோறும் கால்வைத்து நடந்த வழிகளுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் வேறொரு சான்று நமக்குக் கிடைக்கத் தொடங்கியது. அதுவே நிழற்படம். இதனைப் புகைப்படம் என்றும் ஒளிப்படம் என்றும் வழங்குவர். மேற்கூறிய சான்றுகளோடு இதனையும் ஒன்றாக வைத்து எண்ணலாமா? எண்ணலாமெனின், அதனை எவ்வாறு வினாவி உண்மை காண்பது? இவ்விரு வினாக்களையும் ஒரே ஒரு படத்தைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்கள் நமக்கு நூலகத்தில் எழுந்தவை அல்ல; திருவள்ளூர் மாவட்டத்து ஆற்றங்கரையில் எழுந்தவை. ஆந்திர நாட்டுப் பிச்சாட்டூர் அணையினின்று வரும் ஆரணியாறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி ஆகிய ஊர்களின் பக்கமாக ஓடிப் பழவேற்காட்டு ஏரியிற் கலக்கின்றது. ஊத்துக்கோட்டையில் அவ்வாற்றைக் கடப்பதற்கு நெடுங்காலம் தரைப்பாலமே வழியாக இருந்தது. மழைக்காலத்தில் அணை திறக்கப்படுந்தோறும் பாலம் நீருள் மூழ்கும். திருவள்ளூர்ப் பக்கத்துக்கும் ஊத்துக்கோட்டைக்கும் இடையே போக்குவரத்து அறுந்துபோகும். அண்மை ஆண்டுகளில் அங்கே உயர்மட்டப் பாலம் எழுந்தது. மக்கள் துன்பம் நீங்கியது நன்றே. ஆயினும், தலைமுறைகளாக மக்கள் வெள்ளம் வடியக் காத்துநின்ற அந்தத் தாழ்ந்த பாலம் எத்தகையது என்று நூறாண்டு கழித்து ஒருவர் வினவின், நாம் எதனை எடுத்துக் காட்டுவோம்?

இத்தகைய தரைப்பாலம் ஒன்று 1858-ஆம் ஆண்டில் மதுரை மாநகர்க்கு வழியாக இருந்தது. அதற்கு நாம் எடுத்துக் காட்டத்தக்க சான்று உண்டு. அது லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் எடுத்த நிழற்படமாகும்.

2. வைகையைக் கடந்த வழிகள்

மதுரை நகர் வைகையின் தென்கரையில் உள்ளது. வடக்கிலிருந்து வருவோர் யாவரும் ஆற்றைக் கடந்தே நகர் புகுதல் வேண்டும். ஆதலின் வைகையைக் கடத்தல் என்பது மதுரையைப் பற்றிய செய்திகளில் தொன்றுதொட்டு வருவதொன்று.

சிலப்பதிகாரப் புறஞ்சேரியிறுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் வைகைக்கரையை அடைகின்றனர். அங்கே பெருந்துறையில் குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் அமைந்த ஓடங்கள் இயங்குகின்றன. அவர்களோ அத்துறையை விடுத்து, மரப்புணை ஒன்றில் ஏறித் தென்கரை சேர்கின்றனர். இப்பகுதியால் நாம் அறிவன இரண்டு. ஒன்று, காப்பியம் காட்டும் மதுரையில் ஆறு ஓடம் விடத்தக்க நீரளவு உடையதாகக் கூறப்பட்டது என்பது. மற்றொன்று, ஆற்றைக் கடக்கும் வகையிலேயே செல்வர்க்கும் எளியர்க்கும் வேறுபாடு இருந்தது என்பது. பாலம் பற்றிய பேச்சு அப்பகுதியில் இல்லை.

வைகை என்றும் ஒரு தன்மையாக ஓடும் ஆறன்று. மழை பெய்த காலத்தில் கரையை உடைத்துப் பாயும். கோடையில் மணற்பரப்பாகக் கிடக்கும். அது கரையுடைத்த செய்தியைத் திருவிளையாடற் புராணம் பிட்டுக்கு மண் சுமந்த கதையாக வைத்துப் போற்றுகின்றது. அது மணலாகக் கிடக்கும் நிலையையோ சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் இலட்சக்கணக்கானோர் நேரிற் காண்கின்றனர். இத்தகைய ஆற்றுக்கு ஏற்றது தரைப்பாலமே. ஆற்றின் அடிமட்டத்தை ஒட்டிக் கல்லால் ஒரு பாதை அமைப்பர். நீர் குறைந்த நாட்களில் வண்டியும் மக்களும் அதன்மேற் செல்வர். வெள்ளம் வரின் நீர் அதன்மேற் செல்லும். ஆற்றோடு போரிடாது, அதற்கு வழிவிட்டுத் தன் வழியையும் காத்துக்கொள்ளும் அமைப்பு இது. செலவு சிறிது. ஆண்டில் சில நாட்கள் வழியடைபடுதல் இதன் குறை.

இனி, இந்நிலை மாறிய வரலாற்றைக் காண்போம். திருச்சிராப்பள்ளியிலிருந்து இருப்புப்பாதை 1875-இல் மதுரையை அடைந்தது. புகைவண்டி வெள்ளம் வடியும்வரை காத்திருத்தல் இயலாதாகையால் உயர்ந்த பாலம் இன்றியமையாததாயிற்று. சாலைவழிச் செல்வோர்க்கென ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889-இல் திறக்கப்பட்டது. கோரிப்பாளையத்தையும் நகரையும் இணைக்கும் அப்பாலத்தை மக்கள் ஏ.வி. பாலம் என்றே அழைக்கின்றனர். 1895-இல் பெரியாற்று நீர் மலையைத் துளைத்து வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டது. ஆகவே, இன்று நாம் காணும் வைகை பாலத்தாலும் அணையாலும் அயலாற்று நீராலும் இயல்பு மாறிய வைகையாகும். டிரைப்பின் படக்கருவி கண்ட வைகை இம்மாற்றங்கள் அனைத்துக்கும் முற்பட்டது. அப்படத்தின் முதற்சிறப்பு இதுவே.

3. டிரைப் என்பவர்

லின்னேயஸ் டிரைப் இங்கிலாந்தின் டெவன்போர்ட் என்னும் ஊரில் 1822-இல் பிறந்தவர். இளமையிலேயே கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையிற் சேர்ந்தார். 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் தாய்நாடு சென்றிருந்தபோது நிழற்படக் கலையைப் பயின்று, 1853-இல் தோன்றிய இலண்டன் நிழற்படக் கழகத்தில் உறுப்பினர் ஆனார். இந்தியா திரும்பியபின், 1854-இன் இறுதியில் மைசூர் நாட்டு ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1855-இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் பாராட்டும் பதக்கமும் பெற்றன. அவ்வாண்டிலேயே பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் அனுப்பப்பட்டு, ஆவா, அமரபுரம், பாகன் முதலிய இடங்களைப் படமாக்கினார்.

அக்காலத்தில் கும்பினி இயக்குநர் அவை ஒரு கருத்தை வற்புறுத்தி வந்தது. பழங்கட்டடங்களைப் பதிவு செய்தற்கு ஓவியரைக் காட்டிலும் நிழற்படம் விரைவும் சிக்கனமும் திருத்தமும் உடையது என்பதே அக்கருத்து. சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856-இல் டிரைப்பை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தினார். 1857-இல் வடநாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்த காலத்திலும் தென்னாட்டில் இப்பணி கைவிடப்படவில்லை. 1857 திசம்பர் முதல் 1858 ஏப்பிரல் வரை அவர் தமிழ்நாட்டிற் சுற்றுப்பயணம் செய்தார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் படங்கள் அப்பயணத்தின் விளைவுகள். அவை 1858-இல் ஊர்வாரியாகத் தொகுக்கப்பட்டு வெளிவந்தன.

ஒன்றை இவ்விடத்திற் கூறுதல் வேண்டும். டிரைப் ஆராய்ச்சியாளராக வந்தவர் அல்லர். ஆளும் அரசின் படைத்தலைவராக வந்தவர். தான் ஆளும் நாட்டின் கோட்டையையும் கோயிலையும் ஆற்றையும் சாலையையும் அறிந்து வைத்துக்கொள்ள விரும்பிய ஓர் அரசின் கண்ணாகவே அவருடைய கருவி அமைந்தது. இதனை மறந்து அவர் படங்களைக் கலைப்பொருளாக மட்டும் கொள்ளுதல் பிழை. இது காரணமாக அவற்றைத் தள்ளிவிடுதலும் பிழையே. மன்னன் தன் புகழ் நிலைக்கப் பொறித்த மெய்க்கீர்த்தியிலிருந்து நாம் வரலாறு காண்கின்றோம் அல்லமோ?

4. 1858-ஆம் ஆண்டின் படம்

நாம் ஆராயப் புகுந்த படம் 1858 சனவரி, பிப்ரவரித் திங்கள்களில் மதுரையில் எடுக்கப்பட்டது. ‘வைகையாறு, மதுரைக்குக் குறுக்கே செல்லும் தரைப்பாலத்துடன்’ என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பிடப்பட்டுள்ளது. அத்தலைப்பு ஆங்கிலத்தில் அமைந்த முறையை நோக்குக. முதலில் ஆறு, அடுத்துத் தரைப்பாலம், இறுதியில் நகர். ஆற்றைக் கடந்து நகரை அடையும் வழிப்போக்கனுடைய கண்ணின் வரிசை இது. அவ்வரிசையால் படக்கருவி மதுரைக்கு எதிர்க்கரையில், அதாவது வடகரைப் பக்கம், நின்றது எனக் கொள்ளலாம். கோவலனும் கண்ணகியும் புணையேறிய அதே திசையிலிருந்து டிரைப்பும் மதுரையை நோக்கினார் என்பது நமக்கு இன்பம் தரும் பொருத்தமாகும்.

மதுரையில் அவர் எடுத்த பிற படங்கள் மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் அரண்மனை, தெப்பக்குளம் ஆகியவற்றைக் காட்டுவன. இவை எந்தப் பயணியும் காண விரும்பும் இடங்கள். தரைப்பாலமோ அத்தகையதன்று. அதில் சிற்பம் இல்லை, பழம்பெருமை இல்லை, அரசன் பெயர் இல்லை. அதனையும் ஒரு படத்துக்குரிய பொருளாக அவர் தேர்ந்தமை கருதத்தக்கது. கோயிலும் அரண்மனையும் மதுரையின் பெருமையைக் கூறுமெனின், தரைப்பாலம் மதுரையின் நாள்முறை வாழ்வைக் கூறும்.

படம் எடுத்த முறையைச் சுருக்கமாக அறிதல், அதனைப் படித்தற்குத் துணையாகும். டிரைப் இப்பயணத்தில் பெரும்பாலும் மெழுகிட்ட தாளைக் கையாண்டார். மெல்லிய தாளில் மெழுகை ஊட்டி, அதனை உப்புக் கரைசலில் நனைத்து, பின்னர் வெள்ளி உப்பால் ஒளியுணர்வு பெறச் செய்து உலர்த்துவர். அத்தாளைக் கருவியுள் வைத்து ஒளிபடச் செய்தால் நெகடிவ் என்னும் எதிர்ப்படம் உண்டாகும். கண்ணாடித் தகட்டைக் கையாளும் ஈரமுறையில் தகடு உலரும்முன் எல்லா வேலையும் முடிதல் வேண்டும். மெழுகுத்தாளோ முன்னரே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளத்தக்கது. மாட்டுவண்டியில் நெடுவழி செல்வோர்க்கு ஏற்றது. ஆயினும் அது ஒளியை மெல்லவே ஏற்கும். ஆதலின் ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் கருவியின் கண் திறந்திருத்தல் வேண்டும். எதிர்ப்படத்தைத் தாளின்மேல் நேரே பொருத்தி வெயிலில் வைத்துப் படி எடுத்தனர். ஆகவே, நாம் காணும் படம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிதாகவே எதிர்ப்படமும் இருந்தது.

5. படத்தைப் படிக்கும் முறை

கல்வெட்டு கூறுவன அனைத்தையும் நாம் அவ்வாறே ஏற்பதில்லை. எழுத்தின் வடிவு, மன்னனின் ஆட்சியாண்டு, வேறு கல்வெட்டுகளின் துணை ஆகியவற்றால் சோதித்தே ஏற்கின்றோம். நிழற்படத்துக்கும் இச்சோதனை வேண்டும். ஒளியே எழுதியதாகலின் அது பொய் கூறாது என்பர் சிலர். அக்கூற்று முழுதும் பொருந்துவதன்று என்பதற்கு மூன்று காரணங்கள் காட்டுவோம்.

முதலாவது, வானம். அக்காலத்து வெள்ளி உப்புகள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றன. அதனால் நிலப்பகுதி நன்கு பதியுமளவும் கருவியைத் திறந்துவைத்தால் வானம் மேகமின்றி வெறுமையாகிவிடும். டிரைப் தம் எதிர்ப்படங்களின்மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி மேகம், மரத்தழை முதலியவற்றைத் திருத்தும் வழக்கம் உடையவர். ஆகவே, அவருடைய படத்து வானில் மேகம் காணப்படின் அன்று மேகம் இருந்தது என்று துணிதல் ஆகாது. ஏடெழுதுவோன் விடுபட்ட சீரைத் தன் அறிவால் நிரப்பியதை ஒத்தது இச்செயல். மூலபாடத்தையும் இடைச்செருகலையும் பிரித்தறியப் பழகிய தமிழாராய்ச்சியாளர்க்கு இது புதிய கலையன்று.

இரண்டாவது, ஆள்நடமாட்டம். சில நிமிடம் திறந்திருக்கும் கருவியின்முன் நடந்து செல்வோர் உருவம் பதியாது. பதியினும் புகைபோலவே தோன்றும். அசையாது நின்றவரே படத்தில் நிலைப்பர். ஓடும் நீரும் அலை தெரியாது மென்மையாகிவிடும். ஆதலின், அக்காலப் படங்களில் தெருவும் பாலமும் வெறிச்சோடிக் காணப்படின் அங்கே போக்குவரத்து இல்லை என்பது முடிபன்று. சுமைதூக்கிச் சென்றவர், வண்டியோட்டியவர், மோர்க்குடம் ஏந்தியவர் ஆகியோர் நடந்தமையாலேயே படத்தினின்று மறைந்தனர். உழைத்தவர் மறைய, நின்றவர் நிலைத்தனர். இதனை நினைவிற் கொள்ளாது படத்தைப் படித்தல் பெரும்பிழைக்கு இடமாகும்.

மூன்றாவது, தேர்வு. கருவி எதிரில் உள்ளதைக் காட்டும். ஆனால் எதனை எதிரில் நிறுத்துவது என்பதை மனிதன் முடிவு செய்கின்றான். படத்தின் விளிம்புக்கு வெளியே இருந்தது யாது என்பதற்குப் படம் விடைகூறாது. அதற்கு வேறு சான்றுகளை நாடுதல் வேண்டும்.

இக்குறைகள் இருந்தும் டிரைப்பின் படம் சிறந்த சான்றாகின்றது. அதன் காரணம் அழகன்று. எடுத்தவர் பெயர், எடுத்த இடம், காலம், பொருள் ஆகிய நான்கும் அறியப்பட்டிருத்தலே காரணம். காலம் தெரிதலால் படத்து நீரளவை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பருவத்தோடு ஒப்பிடலாம். இடம் தெரிதலால் இன்றைய கரையோடு ஒப்பிடலாம். யானைக்கல் பகுதியில் இன்றும் கல்பாலம் என வழங்கும் தாழ்ந்த பாலம் ஒன்று உண்டு. வைகையில் வெள்ளம் வருந்தோறும் அது மூழ்கும் செய்தியை நாளிதழ்களிற் காண்கின்றோம். பெயரொற்றுமை கொண்டு இதுவே அது எனல் முறையன்று. ஆயினும், படத்தைக் கையிற் கொண்டு கரையில் நின்று ஒப்புநோக்க வல்ல ஆராய்ச்சிக்கு வழி திறந்தே உள்ளது. திருமலை நாயக்கர் அரண்மனையைப் பற்றிய ஆராய்ச்சி இதற்கு நல்ல முன்மாதிரி. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் அவ்வரண்மனை பழுதுபார்க்கப்பட்டது. அதற்கு முன்னிருந்த சிதைந்த நிலையை டிரைப்பின் படங்களே கண்முன் நிறுத்துகின்றன.

6. கல்லெழுத்தைப் பற்றிய படம்

நிழற்படமும் கல்வெட்டும் ஒன்றையொன்று சந்தித்த இடம் ஒன்று உண்டு. அது தஞ்சைப் பெரிய கோயில். மதுரையில் ஆற்றைப் படமெடுத்த அதே பயணத்தில், டிரைப் அக்கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்துள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அமைத்தார்.

டிரைப் தமிழ்க் கல்வெட்டு அறிஞர் அல்லர். 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற ஹூல்ட்ஷ், தஞ்சைக் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 1891 முதல் பதிப்பித்து வெளியிட்டார். அதன்பின்னரே இராசராசன் அளித்த கொடைகளும், அக்கோயிலின் ஆடல்மகளிர், பணியாளர் பற்றிய செய்திகளும் அறிஞருலகிற்கு விரிவாகப் புலனாயின. அதற்கு முப்பதாண்டுகட்கு முன்னரே படச்சுருள் ஆயத்தமாக இருந்தது. படிக்கப்படும் முன்னரே பதிவு செய்யப்பட்டது என்பது இதன் பொருள்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் தெளிவானது. ஒன்றன் பொருள் முழுதும் விளங்கிய பின்னரே அதனைப் பதிவு செய்வோம் என்று காத்திருத்தல் கூடாது. பொருள் காண்பவர் பின்னர் வருவர். அவர் வருமுன் பொருளே அழிந்துபடாதிருத்தல் முன்னுள்ளோர் கடமை. வைகைத் தரைப்பாலத்தின் படத்துக்கும் இவ்வுண்மை ஒக்கும்.

7. மேனாட்டுப் பாலம் ஒன்று

டிரைப்புக்கு ஏறத்தாழ எழுபதாண்டுகட்குப் பின், மேலைநாட்டு நிழற்படக் கலையில் பாலம் தனிச்சிறப்புப் பெற்றது. பாலத்தைச் சான்றாக அன்றிக் கலைப்பொருளாகவே நோக்கிய அப்படங்களோடு டிரைப்பின் படத்தை ஒப்பிடுதல் நம் முடிபுக்கு உறுதி தரும்.

பிரான்சு நாட்டு மார்செய் துறைமுகம் தமிழர் அறியாததன்று. புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய தமிழர் பலர் பிரான்சு மண்ணில் முதற்கண் அடிவைத்த இடம் அது. அங்கே பழைய துறைமுகத்தின் வாயிலில் 1905-இல் அர்னோதேன் என்னும் பொறியியலார் ஓர் இரும்புப் பாலம் எடுத்தார். இருகரையிலும் உயர்ந்த கோபுரங்கள். அவற்றை இணைக்கும் உத்தரம். அவ்வுத்தரத்தினின்று கம்பிகளால் தொங்கும் தட்டு. கப்பல்கள் அடியில் தடையின்றிச் செல்ல, மக்களும் வண்டிகளும் அத்தட்டிலேறி அக்கரை சேர்வர். செர்மானியப் பெண்மணியாகிய செர்மேன் குருல் 1920-களில் இப்பாலத்தைப் படமெடுத்தார். அப்படங்களும் பிற இரும்புக் கட்டமைப்புகளின் படங்களும் ‘உலோகம்’ எனப் பொருள்படும் பெயருடன் 64 தனித்தாள்கள் கொண்ட தொகுப்பாக 1928-இல் பாரிசில் வெளிவந்தன. 1929-இல் மொகோலி-நாகி என்னும் அங்கேரியக் கலைஞரும் அதே பாலத்தைப் படமெடுத்தார்.

டிரைப்பின் படத்தில் பாலம் நகருக்குச் செல்லும் வழி. குருலின் படங்களில் நகர் பின்னடைந்து, இரும்புச் சட்டங்களின் கோணமும் குறுக்கீடும் ஒளிநிழலுமே பொருளாகின்றன. அவர் கருவியைச் சாய்த்துப் பிடித்தார். கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் நோக்கினார். எவ்விடம் என்பதையோ எது மேல் எது கீழ் என்பதையோ அவர் பொருட்படுத்தவில்லை. புதிய காலத்தின் வடிவை உணர்த்தலே அவர் கருத்து.

ஆயின் நிகழ்ந்தது யாது? 1944 ஆகத்துத் திங்களில், பின்வாங்கிய செர்மானியப் படையினர் அப்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய கோபுரமும் அடுத்த ஆண்டில் அகற்றப்பட்டது. கலைக்காக எடுக்கப்பட்ட படங்கள் ஒரே நாளில் வரலாற்றுச் சான்றுகள் ஆயின. இங்ஙனம் எடுத்தவர் நோக்கம் வேறாக இருப்பினும், பொருள் அழிந்தவழிப் படமே சான்றாகின்றது என்னும் உண்மை பெறப்படும். குருல் தம் பிற்காலத்தில் இந்தியா வந்து, வடநாட்டில் குடியேறிய திபேத்திய மக்களிடையே வாழ்ந்து, அவர்களைப் பற்றி 1968-இல் நூல் வெளியிட்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது. தம் நாட்டை இழந்தோரின் வாழ்வைப் பதிவு செய்தலின் இன்றியமையாமையை அவர் அப்போது நன்கு உணர்ந்திருத்தல் கூடும்.

8. ஆடம்பரம் என்னும் தீர்ப்பு

டிரைப்பின் பணி நெடிது நடக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லசு டிரெவெலியன், கிளர்ச்சிக்குப் பின் நலிந்திருந்த அரசின் வருவாயை எண்ணி, நிழற்படப் பணியை அந்நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி நிறுத்தினார். டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே. 1902-இல் தாம் பிறந்த ஊரிலேயே அவர் காலமானார்.

டிரெவெலியன் கருத்தை நாம் எளிதில் இகழ்தல் முறையன்று. மக்களிடம் திரட்டிய வரிப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்னும் வினா எக்காலத்தும் உள்ளதே. பசித்தவர் பலர் இருக்கப் படம் எடுப்பதற்குப் பொருள் செலவிடலாமோ என்று கேட்பவர் இன்றும் உளர். ஆனால் அத்தீர்ப்பின் விளைவையும் எண்ணுதல் வேண்டும். சுற்றுப்பயணம் மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்திருப்பின், தாமிரபரணிக் கரையும் தொண்டைநாட்டு ஊர்களும் அவர் கருவிக்கு எட்டியிருக்கக்கூடும். எடுக்கப்படாத படத்தைப் பின்னர் எவ்வளவு பொருள் கொடுத்தாலும் பெற இயலாது. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாசிங்டன், நியூயார்க்கு, இலண்டன் ஆகிய நகரங்களில் டிரைப்பின் படங்கள் பெருங்கண்காட்சியாக வைக்கப்பட்டன. ஒருகாலத்தில் ஆடம்பரம் எனப்பட்டது இன்று மூன்று பெருநகர்கள் போற்றும் செல்வமாயிற்று. அவற்றிற் காணப்படும் மதுரையும் தஞ்சையும் திருவரங்கமும் நம்முடையவை.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். நிழற்படம் வரலாற்றுச் சான்றாகத் தக்கது. கல்லும் செம்பும் பேசாத எளிய பொருள்களைப் பற்றி அது பேசும். ஆயினும் கல்வெட்டைப் போலவே அதனையும் சோதித்தே ஏற்றல் வேண்டும். இடமும் காலமும் எடுத்தவர் பெயரும் அறியப்படாத படம், ஆட்சியாண்டு சிதைந்த கல்வெட்டை ஒக்கும். பொருள் அழிந்தபின் படத்தின் மதிப்பை உணர்வதைக் காட்டிலும், பொருள் உள்ளபோதே படமெடுத்து வைத்தல் அறிவுடைமையாகும்.

இம்முடிபுகளை மனத்திற் கொண்டு மீண்டும் ஆரணியாற்றங்கரைக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதி விரைந்து மாறிவருகின்றது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைந்தபின் இரும்பாலைகளும் பிற ஆலைகளும் பெருகின. கல்கத்தாவுக்குச் செல்லும் பழைய வடபெருஞ்சாலை அகன்றுவிட்டது. நெல்விளைந்த நிலங்களினூடே சுற்றுச்சுவர்கள் எழுந்துள்ளன. இம்மாற்றம் பல்லாயிரவர்க்குத் தொழில் தந்தது. அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஏரிக் கலிங்குகள், ஆற்றுத்துறைகள், தரைப்பாலங்கள், பரிசல் வழிகள் ஆகியவை ஒவ்வொன்றாக மறையும்போது அவற்றுக்குச் சான்று யாது?

இந்நாளில் படக்கருவி இல்லாத வீடு அரிது. ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஆயிரக்கணக்கான படங்கள் உள்ளன. மெழுகுத்தாளும் மாட்டுவண்டியும் கொண்டு டிரைப் அரிதின் முயன்று பெற்றது, இன்று எவர்க்கும் ஒரு நொடியில் இயலும். எனினும் ஊர்ப்பெயரும் நாளும் குறித்து முறையாகத் தொகுத்து வைக்கப்பட்டவை எத்தனை? தொகுப்பாரின்மையால், மிகுதியே இன்மை ஆகிவிடும் நிலையில் நாம் உள்ளோம்.

ஆகவே தமிழ்த்துறை மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊர் சென்று, ஆற்றைக் கடக்கும் பழைய வழிகளைப் படமெடுத்து, இடம், நாள், நீர்நிலை, மக்கள் வழங்கும் பெயர் ஆகியவற்றைக் குறித்து வருதல் வேண்டும். ஓட்டம் மிக்க துறைக்கு ஊரார் என்ன பெயர் வழங்கினர், வெள்ளநாளில் யார் கயிறு பிடித்து அக்கரை சேர்த்தனர் என்பவற்றை முதியோரிடம் கேட்டு உடன் எழுதுதல் வேண்டும். படம் வடிவைக் காக்கும். சொல் வாழ்வைக் காக்கும். டிரைப்பின் படத்தில் நடந்து மறைந்தவர்களை நாம் மீட்க இயலாது. நம் காலத்தில் நடந்து செல்வோரையேனும் மறையவிடாது காத்தல் நமக்கு இயல்வதே.